381 நாள் பஸ் ஏறாத ஊர்

ரோசா பார்க்ஸ் கதையை நம்மில் பலர் எங்காவது கேட்டிருப்போம். வயதான ஒரு தையல்காரப் பெண்மணி வேலை முடிந்து களைத்துப்போய் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார், எழுந்து இடம் கொடு என்றார்கள், மாட்டேன் என்றார், கைது செய்தார்கள், ஊரே கொதித்தது, மார்ட்டின் லூதர் கிங் வந்தார், சட்டம் மாறியது. இதில் பாதிக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. அவருக்கு அப்போது வயது 42 தான். விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்திருந்தேன், உடம்பில் வேறு களைப்பு எதுவும் இல்லை என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

விட்டுப்போன பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு ஊரில் சுமார் நாற்பதாயிரம் பேர் ஒரு வருடத்துக்கும் மேலாக பஸ் ஏறாமல் வேலைக்குப் போய் வந்தார்கள் என்றால் அது கோபத்தால் மட்டும் நடந்திருக்க முடியாது. எந்த முனையில், காலை எத்தனை மணிக்கு, யார் காரில் யாரை ஏற்றுவது என்று தினமும் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் அந்த பஸ்ஸைப் பார்த்துவிடுவோம். 1955 இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கமரியில் ஓடிய நகர பஸ்ஸில் 36 இருக்கைகள். முன்னால் இருக்கும் 10 வெள்ளையருக்கு. பஸ்ஸில் ஒரு வெள்ளையர்கூட இல்லாவிட்டாலும், பின்னால் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டு வந்தாலும், அந்தப் பத்தில் அவர்கள் உட்காரக் கூடாது. கடைசி 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் இருக்கிற 16 இல்தான் எல்லாத் தகராறும். அங்கே கறுப்பினத்தவர் உட்காரலாம், ஆனால் முன்பகுதி நிரம்பி ஒரு வெள்ளையர் நிற்கும்படி ஆனால் டிரைவர் சொன்னதும் எழுந்துவிட வேண்டும். ஒருவர் எழுந்தால் போதாது. இரண்டு இனத்தவரும் ஒரே வரிசையில் உட்காரக் கூடாது என்பதால் அந்த வரிசையில் இருக்கும் நான்கு பேரும் எழுந்து பின்னால் போய் நிற்க வேண்டும்.

ஏறுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். முன்வாசலில் ஏறி 10 சென்ட் கட்டணத்தைப் போட்டுவிட்டு, இறங்கி, வெளியே நடந்துபோய், பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டும். மழை கொட்டினாலும் இடுப்பில் குழந்தை இருந்தாலும் அப்படித்தான். காசை வாங்கிக்கொண்டு, ஆள் பின்வாசலுக்கு வந்து சேர்வதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுகிற டிரைவர்களும் இருந்தார்கள். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் டிரைவருக்குப் போலீஸ்காரருக்கு உண்டான அதிகாரத்தையே நகரச் சட்டம் கொடுத்திருந்தது. 1950 இல் ஹில்லியார்ட் புரூக்ஸ் என்ற முன்னாள் ராணுவ வீரர், பஸ்ஸில் டிரைவரோடு ஏற்பட்ட தகராறைத் தொடர்ந்து போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தனைக்கும் அந்த பஸ்களில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின மக்கள். கம்பெனி ஓடியதே அவர்கள் போட்ட பத்துப் பத்து சென்ட்டில்தான்.

இந்த முக்கால்வாசிக் கணக்கை மேயரிடம் எடுத்துச் சொன்னவர் ஒரு பெண். ஜோ ஆன் ராபின்சன், அலபாமா அரசுக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். பெண்கள் அரசியல் கவுன்சில் என்ற அமைப்பின் தலைவி. 1946 இல் மேரி ஃபேர் பர்க்ஸ் தொடங்கிய அந்த அமைப்பில் பெரும்பாலும் ஆசிரியைகள்தான் இருந்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்புச் சொன்னது. நான்கே நாளில், மே 21 அன்று, ராபின்சன் மேயர் கெயிலுக்குக் கடிதம் எழுதினார். பயணிகளில் நான்கில் மூன்று பங்கு நாங்கள், எங்கள் ஆதரவு இல்லாமல் பஸ்கள் ஓட முடியாது, பல அமைப்புகள் புறக்கணிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கின்றன என்று மரியாதையான மொழியில், ஆனால் எந்த மழுப்பலும் இல்லாமல் எழுதினார். ரோசா பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை வருடம் முந்தைய கடிதம் இது.

அப்புறம் 1955 மார்ச் 2. கிளாடெட் கால்வின், பள்ளி மாணவி, வயது 15. எழுந்திரு என்றதற்கு மறுத்தாள். இரண்டு போலீஸ்காரர்கள் பஸ்ஸிலிருந்து இழுத்துக்கொண்டு போய் விலங்கு மாட்டினார்கள். ஊரின் கறுப்பினத் தலைவர்கள் இந்த வழக்கை வைத்துப் போராடலாமா என்று யோசித்தார்கள், பிறகு வேண்டாம் என்று விட்டார்கள். வயது குறைவு, கோபக்காரப் பெண், ஏழைக் குடும்பம், எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கிழித்துவிடும் என்ற பயம், கொஞ்ச நாளில் அவள் கருவுற்றிருந்தது வேறு தெரியவந்தது. அன்றைய நிலைமையில் வழக்கு தோற்றுவிடக் கூடாது என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கவலையின் விலையைக் கொடுத்தது ஒரு பதினைந்து வயதுப் பெண் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நியாயம் இல்லை. அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித் என்ற 18 வயதுப் பெண்ணும் அதே காரணத்துக்காகக் கைதானார். அதுவும் பெரிதாக வெளியே வரவில்லை.

இப்படி இரண்டு முறை பொறி விழுந்து அணைந்த பிறகுதான் டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை வருகிறது. ரோசா பார்க்ஸ் பகலில் ஒரு பெரிய துணிக்கடையில் தையல் வேலை பார்த்தார், சரிதான். ஆனால் அவர் கறுப்பின மக்களின் உரிமைக்காக நாடு முழுக்க வேலை செய்த என்ஏஏசிபி சங்கத்தின் மாண்ட்கமரி கிளைக்குச் செயலாளர். 1944 இல் ஆறு வெள்ளை இளைஞர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ரெசி டெய்லர் என்ற பெண்ணின் ஊருக்கே நேரில் போய் வாக்குமூலம் வாங்கி வந்தவர். 1955 கோடையில் டென்னஸி மாநிலத்தில் ஹைலேண்டர் பள்ளியில் போராட்டப் பயிற்சி எடுத்தவர். மிசிசிப்பியில் கொலை செய்யப்பட்ட 14 வயது எம்மெட் டில் பற்றி நவம்பர் 27 அன்று நடந்த கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தவர். நான்கு நாள் கழித்து அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர் இந்தப் பெண்தான்.

நடு வரிசை. அவர் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு ஆண், அந்தப் பக்கம் இரண்டு பெண்கள். ஒரு வெள்ளையர் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். டிரைவர் ஜேம்ஸ் பிளேக், 1943 இல் இதே ரோசாவைப் பின்வாசலில் ஏறவில்லை என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட அதே ஆள், நான்கு பேரையும் எழச் சொன்னார். மற்ற மூவரும் தயங்கித் தயங்கி எழுந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் வெளியே வருவதற்காக ரோசா காலை ஒதுக்கி வழிவிட்டார், அவர் போனதும் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். கைது செய்யச் சொல்வேன் என்றார் டிரைவர். செய்துகொள்ளுங்கள் என்றார் இவர்.

இன்னொன்றும் உண்டு. வேறு இருக்கை காலியாக இல்லாதபோது யாரையும் எழுப்பக் கூடாது என்ற விதி மாண்ட்கமரி நகரச் சட்டத்திலேயே இருந்தது. 1900 இல் டிராம் வண்டிகளில் இனப் பிரிவினை கொண்டுவந்தபோது இதே ஊர்க் கறுப்பின மக்கள் வண்டி ஏறாமல் இருந்து, அதனால் சேர்க்கப்பட்ட விதி அது. தாத்தா பாட்டி காலத்தில் வாங்கிய அந்தச் சின்ன உரிமையை டிரைவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

ரோசாவை ஜாமீனில் எடுத்தவர் ஈ. டி. நிக்சன், ரயில் பெட்டிப் பணியாளர், தொழிற்சங்கத்துக்காரர். கூடப் போனவர்கள் கிளிஃபோர்ட் டர், வர்ஜினியா டர் என்ற வெள்ளைத் தம்பதி. செய்தி ராபின்சனுக்கு எட்டும்போது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அவர் கல்லூரிக்குப் போனார். சக ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் துணை. ஒரு தாளில் மூன்று நோட்டீஸ் வருகிற மாதிரி தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் விடிய விடிய ஓட்டி, வெட்டி, கட்டுக் கட்டாகக் கட்டினார்கள். முப்பத்தைந்தாயிரம் என்பார்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேல் என்பார்கள். கிளாடெட் கால்வின் பெயரும் அந்த நோட்டீஸில் இருந்தது. திங்கட்கிழமை யாரும் பஸ் ஏறாதீர்கள், வேலைக்கோ பள்ளிக்கோ ஊருக்குள்ளோ போக வேண்டுமென்றால் டாக்ஸியில் போங்கள், இல்லை நடங்கள், இவ்வளவுதான் விஷயம். காலையில் வகுப்பும் எடுத்துவிட்டு, பிறகு காரில் அந்தக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாக, கடை கடையாக, முடிதிருத்தகம் வரை கொண்டு சேர்த்தார்கள். போதகர்கள் வெள்ளிக்கிழமை மாலை கூடிப் பேசுவதற்குள் நோட்டீஸ் ஊர் முழுக்கப் போய்விட்டது.

டிசம்பர் 5, திங்கள் காலை பஸ்கள் காலியாக வந்தன. பஸ் ஏறுகிறவர்களைக் கறுப்பின ரவுடிகள் மிரட்டுவார்கள் என்று சொல்லி போலீஸ் மோட்டார் சைக்கிள்களைப் பஸ்களின் பின்னாலேயே அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்து, ஏறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களும் ஏறாமல் போனார்கள். அன்று நீதிமன்றத்தில் ரோசாவுக்கு 10 டாலர் அபராதம், 4 டாலர் செலவுத்தொகை. அன்று பிற்பகலே மாண்ட்கமரி முன்னேற்றச் சங்கம் உருவாகி, டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்துக்கு வந்து அதிக காலம் ஆகாத 26 வயது போதகர் கிங் தலைவரானார். இரவு ஹோல்ட் தெரு தேவாலயத்தில் உள்ளே இடமில்லாமல் தெருவெல்லாம் கூட்டம். ஒரு நாள் என்று ஆரம்பித்ததைத் தொடரலாம் என்று முடிவானது.

என்ன கேட்டார்கள் என்று பார்த்தால் இன்றைக்கு நமக்கு ஆச்சரியமாக இருக்கும். டிரைவர்கள் மரியாதையாக நடக்க வேண்டும். வெள்ளையர் முன்னாலிருந்து, நாங்கள் பின்னாலிருந்து, முதலில் வந்தவருக்கு முதலில் இடம், யாரும் எழ வேண்டியதில்லை. கறுப்பினப் பகுதிகளுக்குப் போகும் வழித்தடங்களில் கறுப்பின டிரைவர்களை வேலைக்கு எடுக்க வேண்டும். அவ்வளவே. பிரிவினையையே ஒழி என்று அவர்கள் அன்று கேட்கவில்லை. இதைக்கூடக் கொடுக்க நகர நிர்வாகம் தயாராக இல்லை, அந்தப் பிடிவாதம்தான் போராட்டத்தை முழு உரிமை வரை தள்ளிக்கொண்டு போனது.

சரி, பஸ் ஏறாமல் எப்படிப் போனார்கள்? முதல் சில நாட்கள் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஆளை ஏற்றினார்கள். நகர நிர்வாகம் பழைய விதி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தது, குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட், குறைத்து வாங்கினால் வழக்கு. கூலி வேலைக்குப் போகிறவர்களால் தினமும் போக 45, வர 45 கொடுக்க முடியாது. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 1953 ஜூனில் இதே மாதிரி ஒரு பஸ் புறக்கணிப்பு சுமார் ஒரு வாரம் நடந்திருந்தது. அதை நடத்திய போதகர் ஜெமிசனிடம் கிங் தொலைபேசியில் கேட்டார், நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று. சொந்தக் கார்களை முறை வைத்து ஓட்டினோம் என்றார் அவர்.

அதைத்தான் பெரிய அளவில் செய்தார்கள். சுமார் 300 கார்கள். காலையில் வீட்டுப் பகுதிகளிலிருந்து கிளம்ப நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், மாலையில் வேலை செய்யும் பகுதிகளிலிருந்து திரும்பி ஏற இன்னும் நாற்பதுக்கு மேல். ஊர் நடுவில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான வாகன நிறுத்துமிடம் தலைமை நிலையம். போக்குவரத்துப் பொறுப்பு ரூஃபஸ் லூயிஸ் கையில். யார் எந்தக் காரில் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்பும் வேலையை ரோசா பார்க்ஸும் கொஞ்ச காலம் செய்தார். பிறகு வெளியூர்களிலிருந்து நன்கொடை வர, தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள். பக்கவாட்டில் தேவாலயத்தின் பெயர் எழுதியிருக்கும், ஜனங்கள் அவற்றை உருளும் தேவாலயங்கள் என்றார்கள். அந்த வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் ரத்தாகிக்கொண்டே இருந்தது. கடைசியில் லண்டனில் இருக்கும் லாயிட்ஸ் வரை போய் இன்சூரன்ஸ் வாங்கினார்கள். வாரம் இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஒவ்வொரு தேவாலயமாக மாறி மாறிக் கூட்டம். பாட்டும் ஜெபமும் இருக்கும், கூடவே எந்த முனையில் வண்டி போதவில்லை, பெட்ரோலுக்கு எவ்வளவு ஆனது என்ற கணக்கும் இருக்கும்.

பணம் விஷயத்தில் ஜார்ஜியா கில்மோரைச் சொல்லாமல் இருக்க முடியாது. உணவகம் ஒன்றில் சமையல் வேலை பார்த்த பெண், பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகக் குடும்பம் நடத்தியவர். இவர் தனக்குத் தெரிந்த பெண்களைச் சேர்த்து கேக், பை, வறுத்த கோழிச் சாப்பாடு என்று செய்து விற்றார். அந்தக் குழுவுக்கு அவர் வைத்த பெயர், எங்கிருந்தும் வராதவர்களின் சங்கம் என்று பொருள் தரும். காரணம் இருக்கிறது. சமைத்தவர்களில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை பார்ப்பவர்கள், பெயர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்லலாம், பொய்யும் ஆகாது. யார் யார் கொடுத்தார்கள் என்பது கில்மோருக்கு மட்டும்தான் தெரியும். புறக்கணிப்புக்காகக் கிங் மீது போட்ட வழக்கில் இவர் சாட்சி சொன்னார், காசு வாங்கிக்கொண்ட டிரைவர் தன்னை எப்படி நடுத்தெருவில் விட்டுப்போனார் என்று. அதோடு வேலை போனது. பிறகு வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார், கிங்கும் அங்கே வந்து சாப்பிட்டார்.

அந்த வீட்டு வேலைக்காரப் பெண்கள்தான் பஸ்ஸை அதிகம் நம்பியிருந்தவர்கள். அவர்கள் நடந்தார்கள், மழையிலும் குளிரிலும், மைல் கணக்கில். பல வெள்ளை எஜமானியம்மாக்கள் தாங்களே காரை எடுத்துக்கொண்டு போய் வேலைக்காரியை அழைத்துவந்தார்கள். நீங்கள் இப்படிச் செய்வதால்தான் இது முடியவில்லை என்று மேயர் பகிரங்கமாகவே கண்டித்தார். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நகரம் சும்மா இருக்கவில்லை. 1956 ஜனவரியில் மேயரும் அவருடைய சகாக்களும் வெள்ளைக் குடிமக்கள் கவுன்சில் என்ற பிரிவினைவாத அமைப்பில் உறுப்பினர்களாகவே சேர்ந்தார்கள். கார் ஓட்டியவர்களுக்குத் தொட்டதற்கெல்லாம் அபராதச் சீட்டு. 25 மைல் வேக எல்லையில் 30 மைலில் போனதாகக் கிங்கைச் சிறையில் அடைத்தார்கள். சமரசம் ஆகிவிட்டது என்று பத்திரிகையில் பொய்ச் செய்தி வரவைத்தார்கள், தலைவர்கள் சனிக்கிழமை இரவு மதுக்கடை மதுக்கடையாகப் போய், நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஜனவரி 30 அன்று கிங் வீட்டு முற்றத்தில் குண்டு வெடித்தது, உள்ளே மனைவியும் சில வாரக் குழந்தையும். இரண்டு நாளில் நிக்சன் வீட்டில் குண்டு. ராபின்சன் காரில் அமிலத்தை ஊற்றினார்கள். பிப்ரவரியில், புறக்கணிப்புகளைத் தடுக்கும் 1921 ஆம் வருடச் சட்டம் ஒன்றைக் காட்டி 89 பேர் மீது வழக்குப் போட்டார்கள். போலீஸ் வந்து பிடிக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, நல்ல உடை உடுத்திக்கொண்டு தாங்களாகவே போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். பட்டியலில் என் பெயர் இருக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதும் வருத்தப்பட்டவர்களும் உண்டு. ஜெயில் என்றால் காலகாலமாக இருந்த பயம் அன்றைக்குப் பலருக்கு விட்டுப்போனது.

வழக்குக்கு வருவோம். ரோசா பார்க்ஸின் மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் இழுத்துக்கொண்டே கிடக்கும் என்று இளம் வழக்கறிஞர் ஃபிரெட் கிரே கணித்தார். அதனால் 1956 பிப்ரவரி 1 அன்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் தனி வழக்கு ஒன்றைத் தொடுத்தார். இந்த முறை இருக்கை ஏற்பாட்டைத் திருத்தச் சொல்லவில்லை, பஸ்ஸில் இனப் பிரிவினையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வாதம். வழக்காடியவர்களில் கடைசி வரை நின்றவர்கள் நான்கு பெண்கள்: ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், அப்புறம் கிளாடெட் கால்வின். ஆமாம், சரிப்பட்டு வரமாட்டாள் என்று ஒதுக்கி வைத்த அதே பெண். மே மாதம் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, உங்கள் தலைவர் யார் என்று நகரத் தரப்பு வழக்கறிஞர் கேட்டார். எல்லாம் கிங் தூண்டிவிட்டதுதான் என்று நிறுவப் பார்த்தார். எங்கள் தலைவர்கள் நாங்களேதான் என்றாள் அவள்.

ஜூனில் மூன்று நீதிபதிகளில் இருவர் பெண்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். நகரம் மேல்முறையீடு செய்தது. கூடவே, கார் ஏற்பாடு உரிமம் இல்லாத வணிகம் என்று சொல்லி அதற்குத் தடை கேட்டு மாநில நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 13 அன்று அந்த விசாரணை நடந்துகொண்டிருந்தது. கார்கள் நின்றுவிட்டால் என்ன செய்வது, இத்தனை நாள் நடந்தவர்களை இன்னும் எத்தனை நாள் நடக்கச் சொல்வது என்று கிங் நொந்துபோய் உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் ஒரு செய்தியாளர் ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். கீழ்நீதிமன்றத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது, பஸ் பிரிவினை செல்லாது.

அதே நாள் அந்த மாநில நீதிபதி கார் ஏற்பாட்டுக்குத் தடையும் போட்டார். உச்ச நீதிமன்ற உத்தரவு தாளாக மாண்ட்கமரிக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆனது. ஆக வழக்கில் ஜெயித்த பிறகும் ஐந்து வாரத்துக்கு மேல் காரும் இல்லை, பஸ்ஸிலும் ஏறவில்லை. நடந்தார்கள். இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், பெரும்பாலும் ஒற்றை வரியில் கடந்துபோகிற பகுதியும் இதுதான். தெருத்தெருவாக ஆட்களை நியமித்து, அக்கம்பக்கத்தவரைச் சேர்த்துவிட்டு, ஒரு வருடமாகப் பழகியிருந்த அந்த ஏற்பாட்டுப் புத்தியை வைத்தே கடைசி ஐந்து வாரத்தையும் கடந்தார்கள்.

டிசம்பர் 21 விடிகாலை கிங், நிக்சன், போதகர் அபர்னதி ஆகியோர் முன்வாசலில் ஏறி முன் இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் ஆவதற்குள் பஸ்களின் மீது துப்பாக்கிச் சூடு ஆரம்பித்தது. ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணிப் பெண்ணுக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதே காலில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 10 அன்று ஒரே இரவில் நான்கு தேவாலயங்களில் குண்டு.

புறக்கணிப்பு தொடங்கிய அடுத்த மாதமே ரோசா பார்க்ஸுக்குத் துணிக்கடை வேலை போயிருந்தது. கணவரும் வேலையை விட வேண்டி வந்தது, கொலை மிரட்டல் நிற்கவில்லை, 1957 இல் குடும்பத்தோடு டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார்கள். ராபின்சன் 1960 இல் அலபாமாவை விட்டுப் போனார். கிளாடெட் கால்வின் நியூயார்க்குக்குப் போய் முதியோர் இல்லம் ஒன்றில் உதவிச் செவிலியராகப் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். 1955 இல் அவர் மீது போட்ட மூன்று குற்றச்சாட்டுகளில் இரண்டு மேல்முறையீட்டில் போயின, போலீஸ்காரரைத் தாக்கினார் என்ற ஒன்று மட்டும் நிலைத்தது, நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தார்கள். அந்தக் கண்காணிப்பு முடிந்துவிட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லவே இல்லை. 2021 இல் அவரே மாண்ட்கமரி நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். பதிவை அழிக்க உத்தரவு வந்தபோது அவருக்கு வயது 82.